பிள்ளையின் டீசியை வாங்கி வந்தேன்

காலை ஒன்பது மணி ஆனால் எங்கள் ஒழுங்கைக்குள் ஜேசிபி வரும். ஒழுங்கை என்று நான் சொல்வதை இங்கே சந்து என்பார்கள். இயந்திரம் வந்து நின்றதும் சனம் கையில் டீக் கிளாசோடு வெளியே வந்துவிடும். குழந்தையை இடுப்பில் வைத்திருப்பவர்கள், பல் விளக்கிக்கொண்டிருந்தவர்கள், வேலைக்குப் புறப்பட்டு சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டியவர்கள் எல்லோரும் வரிசையாக நின்று, எதிர்ப்பக்கத்து வீடுகளின் சுவர் ஒவ்வொன்றாக விழுவதை வேடிக்கை பார்ப்பார்கள். "அதான் மேரி ஊட்டு அடுப்படி", "இது கோவிந்து ஊடு, பச்ச பெயிண்ட்டு பாரு" என்று அடையாளம் சொல்வதும் சிரிப்பதும் நடக்கும். அம்பத்தூர் கள்ளிக்குப்பத்துக்கு நான் வந்து பதினாறு வருஷம் ஆகிறது. இது மட்டும் எனக்குப் பழகவில்லை. எங்கள் ஊரில் வீடு விழுந்தால் நின்று பார்க்க ஒருவரும் மிஞ்சியிருப்பதில்லை. சுவர் சரிகிற சத்தம் கேட்டதும் என்னைக் கேட்காமலே என் கால்கள் மடிந்துவிடும். கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவில் குந்தி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருப்பேன். நாற்பது வயதை எட்டப்போகிற பெண் செய்கிற காரியமா இது என்று எனக்கே வெட்கம்தான். என்ன செய்ய, வெட்கத்தை விடப் பயம் பெரிதாக இருக்கிறது.

பக்கத்து வீட்டுச் செல்வி ஜன்னலில் முகத்தை வைத்துக் கூப்பிடுவாள். அவள் எஸ்டேட் என்கிற தொழிற்பேட்டையில் ஒரு துணிக் கம்பெனியில் பொத்தானுக்குக் காஜா எடுக்கிறவள். இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவள். "இன்னா ரஞ்சிக்கா, உள்ள குந்திக்கினு கீற? வெளிய வா. அது ஊடு இடிக்கிற மிஷினு, குண்டு இல்ல" என்பாள். நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே ஒரு கையால் சீலைக் கரையைப் பிடித்து முகத்தைத் துடைப்பேன், வேர்த்திருப்பது அவளுக்குத் தெரியக் கூடாதென்று.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கும், என்னைப் போல எங்கெங்கோ வாடகை வீட்டில் இருந்து வாசிக்கிறவர்களுக்கும் எங்கள் இடத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எட்டு வீடு ஒரே வரிசையில், ஒரே கூரையின் கீழ். இதற்கு லைன் வீடு என்று பெயர். ஒரு அறை, ஒரு சின்ன அடுப்படி, எட்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரு தண்ணீர்க் குழாய், இரண்டு கக்கூஸ். இப்படியான வரிசைகள் எங்கள் ஒழுங்கையில் ஐந்து இருந்தன. செல்வி மாதிரி உள்ளூர்ச் சனத்தோடு, கட்டட வேலைக்கு வந்து தங்கிவிட்ட தெலுங்குக் குடும்பங்கள், தள்ளுவண்டியில் பிரியாணி விற்கும் காஜா பாயின் குடும்பம், கடைசி வீட்டில் இலங்கையில் இருந்து வந்த நாங்கள். நாங்கள் என்றால் நான், எஸ்டேட்டில் லேத் பட்டறையில் வேலை செய்யும் என் அவர், அம்பத்தூரிலேயே பிறந்த எங்கள் ஒரே மகள் நிரோஷா. பெரிய அபார்ட்மெண்டுகளில் எங்களைப் போன்றவர்களுக்கு வீடு தர மாட்டார்கள். பாயைப் பார்த்தவுடன் "இப்பத்தான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனார்" என்பார்கள். எங்கள் அகதி அட்டையைப் பார்த்தால் அதுகூடச் சொல்ல மாட்டார்கள், கதவைச் சாத்திவிடுவார்கள். லைன் வீடுதான் எங்கள் எல்லோரையும் பேர் ஊர் கேட்காமல் உள்ளே விட்டது.

அந்த லைன் வீடுகளைத்தான் ஒவ்வொன்றாக இடித்து, லிஃப்ட் வைத்த வீடுகள் கட்டுகிறார்கள். ரோடு நன்றாகிவிட்டது, தெருவிளக்கு வந்துவிட்டது, மூலையில் கேக் கடை வந்துவிட்டது. நல்லதுதானே என்று நானும் முதலில் நினைத்தேன். நிரோஷாவுக்கு அந்தக் கடையில் ஒரு பிறந்தநாள் கேக்கும் வாங்கினேன். பள்ளிக்கூடத்தில் என்ன நடக்கிறது என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

எங்கள் பிள்ளைகள் எல்லோரும் படிப்பது நடந்து போகிற தூரத்தில் இருக்கும் அரசுப் பள்ளிக்கூடத்தில். புதிதாக வந்த வீட்டுப் பிள்ளைகள் மஞ்சள் பஸ்ஸில் வேறு எங்கோ போய்ப் படிக்கிறார்கள். ஒரு வரிசை வீடு இடிந்தால் பள்ளிக்கூடத்தில் ஏழெட்டு நாற்காலி காலியாகிவிடும். அந்த இடத்துக்கு யாரும் வருவதில்லை. ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பிரிவாக இருந்தவர்களைப் பத்தாம் வகுப்பில் ஒன்றாக்கினார்கள். பிள்ளைகளின் தொகை குறைந்ததும் ஆசிரியர்களும் அதிகம் என்று ஆகிவிட்டது. பணிநிரவல் என்று ஒன்று உண்டாம். பிள்ளைகள் குறைந்த இடத்தில் இருந்து ஆசிரியரை எடுத்து, கூடிய இடத்துக்கு அனுப்புவார்கள். அதில் கணக்கு டீச்சர் போய்விட்டார். நிரோஷாவின் எண்பதுகளில் நின்ற கணக்கு மார்க் காலாண்டுப் பரீட்சையில் நாற்பத்தியொன்று ஆனது. ஏன் பிள்ளை என்று கேட்டால், "கணக்கு பீரியட்ல விளையாட்டு சார் வந்து ஒக்காந்துக்கினு கீறாரும்மா. அவருக்கே தெரியல" என்றாள். வெளியே அவளுக்கு இந்தப் பேச்சு. வீட்டுக்குள் எங்கட பேச்சு. கோபம் வந்தால் இரண்டும் கலந்துவிடும்.

காஜா பாயின் மகள் ரிஸ்வானா வகுப்பில் முதலாவதாக வருகிறவள். நிரோஷாவுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்ததும் அவள்தான். அவர்கள் வீடு இடிந்து, ஆவடிக்கும் அப்பால் போனார்கள். இரண்டு மாதம் ரயிலில் வந்து போனாள். தினமும் முதல் பீரியட் தவறிப்போகும். பிறகு வாரத்தில் மூன்று நாள் வந்தாள். பிறகு வரவில்லை. அங்கே பக்கத்தில் சேர்க்கப்போவதாக டீசி, எங்கள் ஊரில் விடுகைப் பத்திரம் என்போமே, அதை வாங்கிப் போனார்கள். தீபாவளிக்கு முதல் வாரம் ஆவடியில் ஒரு ஸ்வீட் கடையில் அவளைக் கண்டேன். தலையில் பிளாஸ்டிக் தொப்பி போட்டுக்கொண்டு பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். "ஆன்ட்டி, நிரோ நல்லா படிக்கிறாளா?" என்று கேட்டாள். கால் கிலோ மிக்சரை வாங்கிக்கொண்டு, பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என்னை நானே திட்டிக்கொள்வேன்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் வீட்டுக்காரர் குடை பிடித்துக்கொண்டு வந்தார். கெட்ட மனுசன் இல்லை. பதினாறு வருஷத்தில் ஒரு தரம்கூட முகம் சுளித்ததில்லை. வாசலில் நின்றபடியே, "பாரும்மா, நைனா கட்ன ஊடு. எனுக்கும் கஷ்டமாத்தான் கீது. பில்டருக்குக் கையெத்து போட்டுக் குட்தாச்சு. கார்த்திகை முடியறதுக்குள்ள காலி பண்ணிக் குட்துடுங்க" என்றார். செல்வி அவரோடு கத்திச் சண்டை போட்டாள். நான் தலையாட்டினேன். என் அவர் வேலை முடிந்து வந்தபோது உலையில் அரிசி போடாமல் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்துக்கொண்டு நின்றேன்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். நீங்கள் ஊர்ச் சனம், உங்களுக்கு விளங்கும். இங்கே யாருக்குச் சொன்னாலும், "ஏம்மா இப்படிப் பண்ணே?" என்றுதான் கேட்கிறார்கள்.

மறுநாள் காலை எட்டரை மணிக்குப் பள்ளிக்கூட ஆபீஸ் வாசலில் நின்றேன். பிள்ளையின் டீசியை வாங்கிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் புத்தியில் இருந்தது. வீடு பார்க்கவில்லை, வண்டி சொல்லவில்லை, ஒரு சட்டியைக்கூட மூட்டை கட்டவில்லை. முதலில் பத்திரம். எங்கள் பக்கத்தில் அப்படித்தானே செய்வோம்? ஷெல் சத்தம் கிட்ட வருகிறது என்றால் அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், பள்ளிக்கூடத்து விடுகைப் பத்திரம், மூன்றையும் பொலித்தீன் பையில் சுற்றி வயிற்றோடு கட்டிக்கொள்வோம். மற்றதெல்லாம் பிறகு. போகிற இடத்தில் ஒரு மரம் இருந்தால் அதன் கீழே பள்ளிக்கூடம் தொடங்கும். கையில் பத்திரம் இருந்தால் பிள்ளை அடுத்த வகுப்பு, இல்லாவிட்டால் இல்லை.

நான் இதைப் படித்தது என் தோலில் பட்டு. இங்கத்தைய பத்தாவது பப்ளிக் மாதிரியான ஓ.எல். பரீட்சை எழுதி, எட்டுப் பாடமும் பாஸ் பண்ணி, அதில் ஆறு ஏ எடுத்தவள் நான். கிளிநொச்சிப் பக்கத்தில் எங்கள் பள்ளிக்கூடம். அதிபர், "அத்தாட்சிப் பத்திரம் எல்லாம் வந்திட்டுது பிள்ளை, திங்கட்கிழமை வந்து கையெழுத்து வைச்சு எடு" என்றார். அப்பாவும், "திங்கள் எடுக்கலாம்தானே" என்றார். ஞாயிற்றுக்கிழமை ஓடினோம். அப்பா சைக்கிளில் கோழிக்கூட்டைக் கட்டினாரே தவிர, பள்ளிக்கூடத்துப் பக்கம் போக நேரமில்லை. அந்த ஆபீஸ் அறை எரிந்துவிட்டதாகப் பிறகு சொன்னார்கள். கொழும்புக்குப் போனால் புதிதாக எடுக்கலாமாம். கொழும்புக்குப் போகிற காலமா அது? படகில் வந்து மண்டபம் முகாமில் சேர்ந்தபோது, ஒரு ஆசிரியை என்னை இங்கே பதினொன்றாம் வகுப்பில் சேர்க்கப் பார்த்தார். "படிச்சதுக்கு ஏதாவது பேப்பர் இருக்கா?" என்றார். இல்லை என்றேன். அதோடு முடிந்தது என் படிப்பு. இப்போது ஒரு டெய்லர் கடையில் பிளவுஸுக்கு ஹூக் தைக்கிறேன். ஒரு திங்கட்கிழமையில் போன படிப்பு என் மகளுக்கும் அப்படிப் போய்விடக் கூடாதென்று ஓடினேன். அவ்வளவுதான் நடந்தது.

ஆபீசில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. அந்த மாதம் டீசி கேட்டு வந்த எத்தனையாவது ஆளோ நான். கிளார்க், "காரணம் என்னம்மா? வீடு மாத்தமா?" என்று தானே கேட்டுத் தானே எழுதிக்கொண்டார். ஹெச்.எம். அம்மா ஒரு கட்டுக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். என் காகிதம் வந்ததும் பேனாவை நிறுத்தி, "பத்தாவதும்மா. யோசிச்சுத்தானே வாங்குறீங்க? வேற ஸ்கூல்ல பேசிட்டீங்களா?" என்று கேட்டார்.

நான் தலையாட்டினேன். இதுவும் உங்களுக்கு விளங்கும். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து ஒருவர் கேள்வி கேட்டால் நாங்கள் தலையாட்டுவோம். சோதனைச் சாவடியில் அப்படி, முகாமில் அப்படி, போலீஸ் ஸ்டேஷனில் அப்படி. இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். அதற்குப் பயந்தே ஆமாம் என்று ஆட்டி ஆட்டிக் கழுத்துக்குப் பழகிவிட்டது. அவர் கையெழுத்துப் போட்டார். நான் டீசியைப் பொலித்தீன் பையில் வைத்து, மழை படாமல் சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்தேன். எவ்வளவு காலத்துக்குப் பிறகு அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன் தெரியுமா! என் அவரிடம்கூடப் பெருமையாகச் சொன்னேன். "ஏன் இப்ப உமக்கு இந்த அவசரம்? வீடே இன்னும் பாக்கேல்லை" என்றார். "உங்களுக்கு என்ன தெரியும், சும்மா இருங்கோ" என்று வாயை அடைத்தேன்.

அடுத்த நாள் பின்னேரம் நிரோஷா வீட்டுக்கு வந்த கோலத்தைச் சொல்ல என்னால் முடியாது. புத்தகப் பையோடு முழுக்க நனைந்திருந்தாள். குடை கையில் இருக்கிறது, விரிக்கவில்லை.

"அம்மா, நீங்க ஏன் என் டீசிய வாங்கினீங்க?"

"வீடு மாறப்போறம் பிள்ளை. அதுதான் முதலே..."

"பப்ளிக் எக்ஸாம் எழுதுறவங்க லிஸ்ட்ட இன்னிக்கு வாசிச்சாங்கம்மா. எல்லார் பேரும் வாசிச்சாங்க. என் பேரு இல்ல. கேட்டா, நீ இந்த ஸ்கூலே இல்லன்னு சொல்றாங்க. வெள்ளிக்கிழமை லிஸ்ட்ட மூடிருவாங்களாம். இப்ப நான் எந்த ஸ்கூல்ம்மா? சொல்லுங்கோ, எந்த ஸ்கூல்?"

அன்றைக்குப் புதன்கிழமை. பத்திரம் என் கையில் இருக்கிறது, பிள்ளை எங்கேயும் இல்லை. எங்கள் ஊரில் பத்திரம் இருந்தால் பிள்ளை இருக்கிறது என்று அர்த்தம். இங்கே பெயர் கம்ப்யூட்டருக்குள் இருந்தால்தான் பிள்ளை இருக்கிறது. டீசி அடித்த நிமிஷமே பெயரை அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்து எடுத்து, எந்தப் பள்ளிக்கும் சேராத பொதுப் பட்டியல் ஒன்றில் போட்டுவிடுமாம். இனி ஒரு பள்ளிக்கூடம் கேட்டு எடுத்தால்தான் உண்டு. பரீட்சைக்கு நான்கு மாதம் இருக்கும்போது, வீடே இல்லாதவர்களின் பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடம் கேட்டு எடுக்கும்? என் பிள்ளை சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு அழுதாள். பிளாஸ்டிக் தொப்பியோடு நின்ற ரிஸ்வானாவின் முகம்தான் எனக்குத் திரும்பத் திரும்ப வந்தது. என் கையாலேயே என் பிள்ளைக்கு அந்தத் தொப்பியை மாட்டிவிட்டேனே என்று நெஞ்சில் அடித்துக்கொண்டேன்.

செல்வி சத்தம் கேட்டு ஓடி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்தாள். "அய்ய! பத்தாவது படிக்கிற புள்ளைக்கி யாராச்சும் நடுவுல டீசி வாங்குவாங்களாக்கா? ஒரு வார்த்த என்னாண்ட கேக்க மாட்ட? சரி உடு, அழாத. நாளிக்கி நான் லீவு போட்டுக்கினு வரேன். ஹெச்.எம்மாண்ட நான் பேசிக்கிறேன். நீ மட்டும் மண்டைய மண்டைய ஆட்டாத" என்றாள்.

வியாழக்கிழமை ஹெச்.எம். அம்மா முன்னால் செல்வியும் நானும் நின்றோம். செல்வி ஒரு மூச்சில் கொட்டினாள். "மேடம், இது சிலோன்காரம்மா. பயந்த சுபாவம். காலி பண்ணச் சொல்லிட்டான்னு சொன்ன ஒடனே இங்க ஓடியாந்துருக்குது. அதுக்கு ஒண்ணியும் தெரியாது. புள்ள நல்லா படிக்கிற புள்ள மேடம், வாழ்க்கயே பூடும்."

ஹெச்.எம். அம்மா என்னைப் பார்த்தார். "நான் கேட்டேனேம்மா, வேற ஸ்கூல்ல பேசிட்டீங்களான்னு. தலையாட்டினீங்களே?"

இந்தத் தரமும் தலை ஆடப் பார்த்தது. அடக்கிக்கொண்டு, "பயத்தில ஆட்டினனான் மேடம்" என்றேன். அவருக்கு என் பேச்சு விளங்கியதோ என்னவோ, பெருமூச்சு விட்டார். அவருடைய மேசையில் இன்னும் ஐந்தாறு டீசி விண்ணப்பம் கிடந்தது. "இருக்கிற பசங்களும் இப்படிப் போனா, அடுத்த வருஷம் இந்த ஸ்கூலையே பக்கத்து ஸ்கூலோட சேர்த்துருவாங்க. இங்க யாருக்கு அக்கறை" என்று தனக்குள் சொல்வது போலச் சொன்னார். பிறகு விறைப்பாக நிமிர்ந்து, "டீசியை ரத்து பண்ணலாம். ஆனா வீடு மாற்றம்னு காரணம் எழுதிக் குடுத்திருக்கேன். அதை ரத்து பண்ணணும்னா, வீடு மாறலைன்னு நீங்க எழுதிக் குடுக்கணும். பரீட்சை முடியிற வரைக்கும் இதே விலாசத்துலதான் இருப்போம்னு. நாளைக்கு யாராவது விசாரிக்க வந்தா என் தலைதான் உருளும்" என்றார்.

வீடு கார்த்திகையோடு இடியப்போகிறது. பரீட்சை பங்குனியில். வெள்ளைத் தாளை என் முன்னால் வைத்தார்கள். நாங்கள் முகாமுக்கு வெளியே இருக்கப் பதிவு எடுத்தவர்கள். எங்கே இருக்கிறோம் என்பதைப் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிவைக்க வேண்டும். வீடு மாறினால் அவர்களுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். விலாசத்தில் பொய் சொன்னால் என்ன ஆகும் என்று பதினாறு வருஷமாகக் கேட்டுக் கேட்டு நடுங்கினவள் நான். இதுவரை அரசாங்கத் தாள் ஒன்றில்கூட ஒரு எழுத்துப் பொய் எழுதினதில்லை. செல்வி என் முழங்கையில் இடித்து, "எழ்திக் குடுக்கா. மொதல்ல புள்ள பேரு வரட்டும்" என்றாள். எழுதினேன். "வீடு மாறும் எண்ணத்தைக் கைவிட்டோம். பொதுத்தேர்வு முடியும் வரை மேற்கண்ட விலாசத்திலேயே குடியிருப்போம்." கையெழுத்து என் கையெழுத்து மாதிரியே இல்லை.

"அந்த டீசியைக் குடுங்க" என்றார் ஹெச்.எம். அம்மா. பொலித்தீன் பையை எடுத்தேன். நம்புங்கள், என் விரல் விடவில்லை. பத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பதா? அவர் ஒரு பக்கம் பிடித்திருக்கிறார், நான் ஒரு பக்கம். செல்விதான் என் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். ஹெச்.எம். அம்மா சிவப்பு மையால் குறுக்கே இரண்டு கோடு போட்டு, ரத்து என்று எழுதி ரிஜிஸ்டரில் ஒட்டினார். கம்ப்யூட்டரில் பெயர் திரும்பி வர வேண்டுமாம், மேலே இருந்து ஒருவர் சம்மதம் கொடுக்க வேண்டுமாம். வியாழன் முழுக்க வரவில்லை. வெள்ளிக்கிழமை நான் வேலைக்குப் போகாமல் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் நின்றேன். வெளியே மழை, உள்ளே சர்வர் மெதுவாம். மூன்றேமுக்காலுக்குக் கிளார்க் ஜன்னல் வழியாக, "வந்துருச்சும்மா" என்றார். அந்த ஈர மண்ணில் அப்படியே குந்திவிட்டேன். நிரோஷா வகுப்பில் இருந்து ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். இரண்டு நாளாக என்னோடு பேசாமல் இருந்த பிள்ளை.

வீடு கிடைத்தது ஆவடியையும் தாண்டி முத்தாபுதுப்பேட்டையில். டாங்கி செய்யும் ஃபாக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற திருநெல்வேலிக்காரர் ஒருவர், அகதி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மனுசங்கதானே, இருங்க" என்றார். சாமான் ஏற்றுவதற்கு முதல் நாளே என் அவர் போலீஸ் ஸ்டேஷனில் போய் விலாசம் மாறியதை எழுதிவைத்துவிட்டார். "அங்க பொய் சொல்லேலாது ரஞ்சி. வேற எங்க எண்டாலும் பரவாயில்லை" என்றார். நானும் பக்கத்தில் நின்று கையெழுத்து வைத்தேன். அங்கே நாங்கள் முத்தாபுதுப்பேட்டையில் இருக்கிறோம் என்று ஒரு தாள். இங்கே கள்ளிக்குப்பத்தில் இருக்கிறோம் என்று ஒரு தாள். இரண்டிலும் கையெழுத்து என்னுடையது. இரண்டு தாளையும் யாராவது ஒரு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால்? இந்தக் கேள்வியோடுதான் நான் எழும்புகிறேன், இதோடுதான் சோறு தின்கிறேன். ஸ்டேஷனில் எழுதிய உண்மை, பள்ளிக்கூடத்தில் எழுதிய பொய், எது எங்களை முதலில் பிடித்துக் கொடுக்கும் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. பிள்ளையின் பெயரை மறுபடி எடுத்துவிடுவார்களோ, எங்களைத் திரும்ப முகாமுக்கு அனுப்பிவிடுவார்களோ, யாரிடம் கேட்பது? கேட்டால் அதுவே காட்டிக் கொடுத்தது ஆகிவிடுமே.

ஆறு மணிக்குப் புறப்பட்டால்தான் பஸ் பிடித்து, ஆவடியில் ரயில் ஏறி, அம்பத்தூரில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் பள்ளிக்கூடத்துக்கு நேரத்துக்குப் போகலாம். தைக்கிற கடையும் அந்தப் பக்கம்தான் என்பதால் நானும் கூடவே போகிறேன். ரயிலில் கணக்குப் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு நிரோஷா தூங்கிவிழுவாள். எழுப்பவும் மனம் வராது, விடவும் பயம். அரையாண்டில் முப்பத்தெட்டு. பாஸ்தான், ஆனால் கரையில் நிற்கிற பாஸ். "ரிஸ்வானா இருந்தா சொல்லிக் குடுத்திருப்பா" என்றாள் ஒரு நாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எங்கள் வரிசையை இன்னும் முழுக்க இடிக்கவில்லை. முன்னால் இருந்த ஐந்து வீடும் போய்விட்டன. செல்வி பட்டாபிராம் பக்கம் போய்விட்டாள். எங்கள் கடைசி வீடும் அதற்கு முன்னால் இரண்டும் பூட்டியபடி, கரண்டு வெட்டியபடி நிற்கின்றன. பில்டருக்கு ஏதோ அனுமதி வரவில்லையாம். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழி அதுதான். அந்தச் சுவர் நிற்கும்வரை என் கடிதம் முழுப்பொய் இல்லை என்று ஒரு பைத்தியக்கார எண்ணம் எனக்கு. தினமும் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவேன்.

போன செவ்வாய்க்கிழமை நாங்கள் அந்த வழியாக வந்தபோது, எங்கள் வீட்டு வாசலில் ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றார். சட்டையை உள்ளே விட்டிருந்தார். கையில் ஒரு பச்சைக் கோப்பு. பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்த்தார். எங்களைக் கண்டதும், "ஏம்மா, இந்தக் கடைசி வீட்ல சிலோன்காரங்க இருந்தாங்களே. இருக்காங்களா, காலி பண்ணிட்டாங்களா?" என்று கேட்டார்.

எந்த மேசையில் இருந்து வந்த கோப்பு அது? கல்வி ஆபீஸ்காரரா, போலீசா, பில்டரின் ஆளா? இருக்கிறோம் என்றால் ஸ்டேஷன் தாள் பொய். போய்விட்டார்கள் என்றால் பள்ளிக்கூடத் தாள் பொய். அதற்கும் மேலே, நான் வாயைத் திறந்தால் என் தமிழே நாங்கள் யார் என்று சொல்லிவிடும். கை தானாக வயிற்றுக்குப் போய், அங்கே இல்லாத பையைத் தடவியது.

நிரோஷா என் முன்னால் வந்து நின்றாள். தோளை ஒரு தரம் குலுக்கினாள். "தெர்ல சார். நாங்க இந்த ஏரியா இல்ல" என்றாள்.

பிறந்த நாளில் இருந்து போன கார்த்திகை வரை அவள் தூங்கி எழும்பிய வீட்டின் வாசல் அது. அவர் கோப்பைத் திறந்து ஏதோ குறித்துக்கொண்டார். நிரோஷா என் கையைப் பிடித்து இழுத்து, என் காதோடு, எங்கட பேச்சில் சொன்னாள்.

"திரும்பிப் பாக்காதேங்கோ அம்மா. நடவுங்கோ."